பத்து நிமிஷமுங்க, ஏறி உட்காருங்க

போன மாதம் ஸ்டேஷன் மாஸ்டர்களான உங்களில் ஒருவர் என்னிடம் "பத்து நிமிஷம் சார்" என்று சொன்னீர்கள். யார் என்று சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். ஸ்டேஷன் பெயரையும் சொல்லமாட்டேன். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கோயம்புத்தூர் பாசஞ்சரில் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டியை லூப் லைனில் ஒதுக்கிப்போட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. இறங்கி வந்து ஜன்னலில் கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் பத்து நிமிஷம் என்றீர்கள்.

ஜன்னல் வழியே உங்கள் சிக்னல் விளக்குப் பலகையைப் பார்த்தேன் தம்பி. முப்பத்தாறு வருஷம் அந்த விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வண்டி இன்னும் அடுத்த ஸ்டேஷனுக்கே வந்து சேரவில்லை. அது உங்களுக்கும் தெரியும். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து நாங்கள் நகரப்போவதில்லை என்பதும் தெரியும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். அது நான் சொன்ன வசனம். எனக்கும் ஒருவர் சொல்லிக் கொடுத்த வசனம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்காக அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விபத்து, வெள்ளம், தண்டவாளத்தில் யானை, இதையெல்லாம் எழுத ஆள் இருக்கிறது. நான் இந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம். பாசஞ்சர் நின்றுவிட்டது. ஜன்னலில் கூட்டம். நான் நல்ல பிள்ளையாக, "ஒரு மணி நேரம் ஆகுமுங்க" என்று உள்ளதைச் சொன்னேன். அவ்வளவுதான். என்னமோ நானே தண்டவாளத்தில் குறுக்கே படுத்துக்கொண்ட மாதிரி ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கையிலிருந்த டீயை ஜன்னல் கம்பி மேலேயே ஊற்றினார். எனக்கு மேலே இருந்த பெரியவர் உள்ளே இருந்து வந்தார். வெற்றிலை போட்ட வாயோடு, மிக அமைதியாக, "பத்து நிமிஷமுங்க, ஏறி உக்காருங்க" என்றார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

அப்புறம் என் தோளில் கை போட்டுச் சொன்னார். "தம்பி, ஒரு மணி நேரம்னு சொன்னீன்னா ஒரு மணி நேரமும் உன்னைத் திட்டுவாங்க. பத்து நிமிஷம்னு சொல்லு. பத்து நிமிஷம் கழிச்சு வந்து கேட்டா, மறுபடியும் பத்து நிமிஷம்னு சொல்லு. சனத்துக்கு நெசம் வேண்டியதில்ல. சித்த உக்கார ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான்."

அவரைக் குறை சொல்ல நான் யார்? சிக்னல் விஷயத்தில் அவரைப் போல ஒரு சுத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. பாதுகாப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போட்ட பிச்சை. அதோடு இந்த ஒரு வசனத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். அது வேலையும் செய்தது. முப்பத்திரண்டு வருஷம் வேலை செய்தது.

கடைசியாக நான் இருந்தது உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்டேஷன். ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒதுங்குவது எப்போதும் பாசஞ்சர்தான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெயின் ரோடு அங்கிருந்து இருபது நிமிஷ நடை. குடும்பம் கோயம்புத்தூரில், பிள்ளைகள் படிப்புக்காக. நான் குவார்ட்டர்ஸில் தனியாக. சாயங்காலம் காற்று அடித்தால் தென்னை ஓலைச் சத்தம் ஒன்றுதான் கேட்கும்.

இந்தத் தனிமையை ஒருவரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். நாள் முழுக்க, எந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் கண்ட்ரோலோடு பேசுவீர்கள், பக்கத்து ஸ்டேஷனோடு பேசுவீர்கள், எல்லாம் வண்டி நம்பர்தான். மனிதர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவது அந்த ஜன்னலில்தான். அதுவும் ஒரே கேள்வி: "எவ்வளவு நேரமாகுங்க?" சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அதுதான் அன்றைக்கு நம்மிடம் யாரோ கேட்ட ஒரே கேள்வியாக இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறு நாற்பதுக்குப் பாசஞ்சர் வந்து நின்றது. கண்ட்ரோலில் கேட்டேன், "நிறுத்தி வைங்க" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நன்றாகத் தேய்த்த பருத்திப் புடவை, கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவும் இருப்பது வெளியே தெரிந்தது. பெயர் கலாமணி என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏனுங்க சார், எவ்வளவு நேரமாகுங்க? கோயமுத்தூருக்குக் கவர்மெண்ட் வேலைப் பரிச்சைக்குப் போறேனுங்க. ஒம்பதரைக்குக் கேட்டை மூடிருவாங்க. லேட்டாகும்னா சொல்லுங்க, இப்பவே நடந்து போய்ப் பஸ்ஸப் புடிச்சுக்கறேன்."

என் வாய் தானாகவே சொன்னது. "பத்து நிமிஷமுங்க அம்மணி. ஏறி உக்காருங்க."

அந்த முதல் தடவைக்கு நான் சாக்குச் சொல்லலாம். அப்போது எனக்கே தெரியாது. ஏழு மணிக்குத் தெரிந்துவிட்டது. எதிரே வரவேண்டிய எக்ஸ்பிரஸ் போத்தனூரையே தாமதமாகத்தான் தாண்டியிருந்தது. அது வந்து போன பின்னால் ஒரு கூட்ஸ் வேறு. ஏழு ஐந்துக்கு அந்தப் பெண் மறுபடியும் வந்தார்.

"சார், பத்து நிமிஷம்னீங்களே. இதுதானுங்க எனக்குக் கடைசிப் பரிச்சை. அடுத்த வருசம் வயசு தாண்டிப்போகுது. மூணு வருசமா நார் மில்லுல வேலையும் பார்த்துக்கிட்டுப் படிச்சேனுங்க. பஸ்ஸுக்குப் போயிரட்டுங்களா?"

இங்கேதான் கவனியுங்கள். அவர் கேட்டது மணி அல்ல. போகட்டுமா இருக்கட்டுமா என்பது. அப்போது கிளம்பி நடந்திருந்தாலும் போயிருக்கலாம். ஏழரைக்கு ரோட்டில் பஸ் கிடைத்திருக்கும், ஒன்பதே காலுக்குள் போய்ச் சேர்ந்திருப்பார். எனக்கு அது தெரியும். ஆனால் அவர் பின்னால் நாற்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் பத்து நிமிஷம் என்று சொன்ன வாயால் இப்போது ஒரு மணி நேரம் என்றால் அத்தனை பேரும் என்னைப் பிடுங்கி எடுப்பார்கள். அந்த நாற்பது பேருக்குப் பயந்து ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன்.

"வந்துக்கிட்டே இருக்குதுங்க. பத்து நிமிஷம்தான்."

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நம்பினார். தொப்பி போட்ட ஆள் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்? திரும்பிப் போய் ஏறி உட்கார்ந்தார். ஏழு இருபதுக்கு மூன்றாவது தடவை வந்தார். "இனி நடந்தாலும் ஆகாதுங்களே சார்" என்றார். நான் கண்ட்ரோலுக்குப் போன் செய்து கெஞ்சினேன். பரீட்சைக்குப் போகிற ஆள் இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்றேன். எதிரே வரும் வண்டியை எங்கேய்யா கொண்டுபோய் நிறுத்துவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

வண்டி எட்டு ஐந்துக்குக் கிளம்பியது. கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஐம்பது.

சாயங்காலம் ஆறு மணிக்கு டியூட்டி முடிகிற நேரம். திரும்பி வந்த பாசஞ்சரிலிருந்து அவர் இறங்கினார். நேரே ஜன்னலுக்கு வந்தார். திட்டப்போகிறார், திட்டட்டும், நன்றாக நாலு திட்டு வாங்கினால் எனக்கும் மனது ஆறும் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"கேட்டு மூடியிருந்துச்சுங்க சார்" என்றார். அவ்வளவுதான். குழாயில் முகம் கழுவிக்கொண்டு தோப்புப் பாதையில் நடந்து போனார். அந்தப் பிளாஸ்டிக் உறை இன்னமும் கையில் இருந்தது.

அன்றிலிருந்து அவர் என்னிடம் நேரம் கேட்கவே இல்லை.

ஒரு நாள் பார்க்கிற முகமாக இருந்தால் மறந்திருப்பேன். இரண்டு மாதத்தில் அவருக்குப் பொள்ளாச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்து, தினமும் அதே பாசஞ்சரில் போக ஆரம்பித்தார். அங்கே என்ன வேலை என்று தண்டவாளத்தைத் திருப்பிவிடும் எங்கள் பாயிண்ட்ஸ்மேன்தான் விசாரித்து வந்து சொன்னார். "பரிச்சைக்கு அப்ளிகேசன் போட்டுக் குடுக்கற வேலைங்க சார். வயசு தாண்டாதவங்களுக்கு நான் போட்டுக் குடுக்கறேன்னு அந்த அம்மணி சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க." அதை ஏன்யா என்னிடம் சொல்கிறாய் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வண்டி தாமதமானால் எல்லோரும் ஜன்னலுக்கு வருவார்கள். கலாமணி வரமாட்டார். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இல்லாவிட்டால் தானாகவே கணக்குப் போட்டு ரோட்டுக்கு நடந்துவிடுவார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். வாய் வராது. பத்து நிமிஷம் என்று சொல்ல ஒரு நொடியில் வந்த வாய்தான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேகம் வந்தது. இனி உண்மையை மட்டுமே சொல்வது என்று முடிவு கட்டினேன். சொல்லுங்கள், நல்ல முடிவுதானே? கேளுங்கள் கதையை. ஒரு திங்கட்கிழமை வண்டி நின்றது. எதிரே இரண்டு வண்டி இருப்பது தெரியும். மைக்கைப் பிடித்து, "ஒன்றரை மணி நேரமாகும், அவசரம் உள்ளவர்கள் பஸ்ஸுக்குப் போகலாம்" என்று கம்பீரமாக அறிவித்தேன். அறுபது பேர் இறங்கி நடந்தார்கள். கலாமணியும் நடந்தார். அவர்கள் பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டார்கள், கண்ட்ரோலிலிருந்து போன். எதிர் வண்டிகளைப் பொள்ளாச்சியிலேயே நிறுத்திவிட்டோம், பாசஞ்சரை விடுங்கள் என்றார்கள். வண்டி காலியாக அவர்களைத் தாண்டிப் போனது. தோப்புக்கு நடுவே நின்று அறுபது பேரும் அதைப் பார்த்தார்கள்.

விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். தப்பு இப்போதும் அதேதான் என்று குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தபோது விளங்கியது. அன்றைக்கும் முதலில் எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன், இன்றைக்கும் அதையே செய்துபோட்டேன். பத்து என்பதை மாற்றித் தொண்ணூறு என்றேன், அவ்வளவுதான்.

கிடங்கில் ஒரு பழைய கரும்பலகை கிடந்தது. துடைத்து, பிளாட்பாரத்தைப் பார்த்த மாதிரி மாட்டினேன். மறுபடி வண்டி நின்ற நாளில் சாக்பீஸால் எழுதினேன்: "மணி 6.50. எதிர் வண்டி இன்னும் பொள்ளாச்சிக்கு வரவில்லை. அதன் பின்னால் ஒரு கூட்ஸ் உண்டு. எப்போது கிளம்புவோம் என்று தெரியாது. மெயின் ரோடு இருபது நிமிஷ நடை. அடுத்து 7.00 மணிக்கு எழுதுகிறேன்." ஏழு மணிக்குப் புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் போய், "7.00. புதிதாக ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதுவேன்.

முதலில் கேலிதான். "சார், இன்னைக்குத் தலைப்புச் செய்தி என்னங்க?" என்பார்கள். ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி பலகையைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, நம்ம வண்டியில ஏற வந்தவங்களைப் பஸ்ஸுக்கு அனுப்பறே?" என்று குதித்தார். "நேரத்துக்கு விட்டீங்கன்னா அந்த வரியை அழிச்சுப்போடறேனுங்க" என்றேன். அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அந்த வரியை அழிக்கவேண்டிய நாள் என் சர்வீசில் வரவில்லை.

கலாமணி அந்தப் பலகையைப் படிப்பார். பெஞ்சில் இருந்தபடியே கண்ணைச் சுருக்கிப் படிப்பார். படித்துவிட்டு, சில நாள் ரோட்டுக்கு நடப்பார், சில நாள் உட்கார்ந்திருப்பார். அதனால் எழுத்தைப் பெரிதாக எழுத ஆரம்பித்தேன். அவர் படித்து முடிக்கும் வரை ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். நாலு வருஷம் எங்களுக்குள் நடந்த பேச்சு அதுதான். எழுதியதை அவர் நம்பினார் என்று தெரியும். எழுதிய ஆளை நம்பினாரா என்று தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஸ்டேஷனில் அதைவிடப் பெரிய துணை எனக்கு இல்லை.

நீங்கள் நினைக்கலாம், ஜன்னலில்தானே இந்தப் பொய், வீட்டில் இல்லையே என்று. அது அப்படி நிற்காது தம்பி. என் சம்சாரம் போனில் "எப்ப வாரீங்க?" என்று கேட்கும்போதெல்லாம், "அடுத்த ரெஸ்ட்டுக்கு வந்துர்றேன்" என்பேன். லீவு கிடைக்காது என்று தெரிந்தே சொல்வேன். எத்தனையோ வருஷம் சொன்னேன். ஒரு கட்டத்தில் அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காதது நிம்மதி என்றுகூட நினைத்தேன், எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள். இப்போது அவள் மகள் வீட்டில், பெங்களூரில், பேத்தியைப் பார்த்துக்கொண்டு. "எப்ப வாரே?" என்று நான் கேட்கிறேன். "இன்னும் பத்து நாளுங்க, வந்துர்றேன்" என்கிறாள். எட்டு மாதமாகப் பத்து நாள்தான். அவள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டு ஒன்றைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டிவியைப் போடுகிறேன்.

என் கடைசி நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முந்தின நாளே மாலை போட்டுப் பாராட்டி முடித்துவிட்டார்கள். கடைசிக் காலை டியூட்டி. பாசஞ்சர் வழக்கம்போல வந்தது, வழக்கம்போல நின்றது. இன்றைக்காவது நேரத்துக்கு விட்டிருக்கலாம், எனக்காக வேண்டாம், ஒரு மரியாதைக்கு. சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நிமிர்ந்தால், ஜன்னலில் கலாமணி நிற்கிறார். காதோரம் நரை விழுந்திருந்தது. பின்னால் முப்பது நாற்பது பேர்.

"எவ்வளவு நேரமாகுங்க சார்?" என்று கேட்டார்.

நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கையில் சாக்பீஸ் உடைந்தது.

"தெரியாதுங்க அம்மணி" என்றேன். "எதிர் வண்டி எங்க இருக்குதுன்னு கண்ட்ரோல்லயே இன்னும் சொல்லலீங்க. நெசமாவே எனக்குத் தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். "அன்னைக்கும் இதையே சொல்லியிருந்தீங்கன்னா, நான் நடந்திருப்பேனுங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"என்னை மன்னிச்சுக்குங்க அம்மணி" என்றேன். அந்த நாற்பது பேர் முன்னால்தான் சொன்னேன். எந்த நாற்பது பேருக்குப் பயந்தேனோ, அதே மாதிரி நாற்பது பேர். பின்னால் நின்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது.

மன்னித்தேன் என்று கலாமணி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ரோட்டுக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பெஞ்சுல இருக்கறேனுங்க" என்றார். "தெரிஞ்சா சொல்லுங்க."

ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் ஐந்து தடவை பலகையில் எழுதினேன். லைன் கிடைத்ததும் மைக்கைத் தொடவில்லை. கொடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடிக்கு நடந்து போனேன்.

"வண்டி கெளம்புதுங்க அம்மணி" என்றேன்.

"வாரேனுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். நான் கொடியைக் காட்டினேன்.